‘ஜிஜூன்’ என்னும் ஆங்கிலச் சொல்லை வேர்வரை சென்று அறியும் முறை

புதுச்சேரியை அடுத்த காலாப்பட்டில் ஆங்கில இலக்கியம் முதுகலை படிக்கும் என் தம்பி மகள், தவக்காலத்து வெள்ளிக்கிழமை ஒன்றின் மாலையில் எங்கள் வீட்டுக்கு வந்து, தான் தமிழாக்கம் செய்திருந்த நான்கு பக்கங்களை என் முன் வைத்தாள். 17ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் எழுதப்பட்ட ஓர் ஆங்கிலக் கட்டுரையின் தமிழ் வடிவம் அது. மூத்த போதகர் ஒருவரின் மறையுரைகளைக் குறித்து மூல ஆசிரியர் ‘ஜிஜூன்’ என்ற சொல்லை எழுதியிருக்க, அவள் அதைச் ‘சிறுபிள்ளைத்தனமானவை’ என்று பெயர்த்திருந்தாள். “பெரியப்பா, கைப்பேசி அகராதியில் முதல் பொருளாக அதுதான் இருந்தது, ஆனாலும் இந்த வரி எனக்கே ஒட்டவில்லை” என்றாள். ஒட்டாததற்குக் காரணம் இருந்தது. அதே பத்தியில் அந்தப் போதகர் முதியவர் என்றும், கற்றவர் என்றும், மணிக்கணக்கில் பேசுபவர் என்றும் வருகிறது. அத்தகையவரின் உரையில் குறை இருக்கலாம். ஆனால் அந்தக் குறை சிறுபிள்ளைத்தனமாக இருப்பதற்கு வழியில்லை.

அன்று நாங்கள் இருவரும் இரவு வரை உட்கார்ந்து அந்த ஒரு சொல்லின் வழியைத் தேடிச் சென்றோம். பழைய ஆங்கிலம் படிப்பவர்களும் மொழிபெயர்ப்பவர்களும் அதே வழியில் தாமே செல்லக்கூடிய வகையில் அதை இங்கே எழுதுகிறேன். எடுத்துக்காட்டு ஒரே சொல்தான் என்றாலும், இந்த முறை எந்த அருஞ்சொல்லுக்கும் பொருந்தும்.

அகராதிக்கு முன் வாக்கியம்

அறியாத சொல்லைக் கண்டவுடன் அகராதியைத் திறப்பது நம் அனைவரின் பழக்கம். அதைச் சற்றுத் தள்ளிவைத்து, அந்தச் சொல் எதன்மேல் ஏற்றப்பட்டிருக்கிறது என்று முதலில் பார்க்க வேண்டும். ஒரு மனிதரின் மேலா, அவருடைய பேச்சின் மேலா, எழுத்து நடையின் மேலா, நிலத்தின் மேலா, உணவின் மேலா என்பதைத் தாளில் குறித்துக்கொள்ள வேண்டும். பக்கத்தில் இணைந்து வரும் சொற்களையும் குறிக்க வேண்டும். எங்கள் கட்டுரையில் அந்தச் சொல்லோடு ‘மலட்டுத்தன்மையுடைய’ என்ற பொருள் தரும் இன்னொரு சொல்லும் இணையாக வந்திருந்தது. மலட்டுத்தன்மையும் சிறுபிள்ளைத்தனமும் ஒரே கொடியில் காய்ப்பவை அல்ல. இணைந்து வரும் சொல் பல நேரங்களில் அகராதியைவிட நேர்மையான சாட்சி.

அடுத்ததாக, எழுத்துகளை ஒவ்வொன்றாக எழுதிப் பார்க்க வேண்டும். ஜே, இ, ஜே, யூ, என், இ என்னும் ஆறு எழுத்துகள் இதில் உள்ளன. இதை ‘ஜிஜூன்’ என்று இரண்டாம் அசையை அழுத்தி ஒலிக்க வேண்டும். சிலர் நடுவில் கூடுதலாக ஓர் ‘இ’ சேர்த்து ஏழு எழுத்தாக எழுதுவதுண்டு; பிரெஞ்சுச் சொல்லைப் போல ஒலிப்பவர்களும் உண்டு. இவை பிழைகளே. இருந்தாலும் அவற்றை ஒதுக்கிவிடாமல் குறித்து வைத்துக்கொள்வது நல்லது, ஏனெனில் இந்தச் சொல்லின் வரலாற்றில் நடந்த பெரிய திருப்பத்துக்கு அந்தப் பிழையே தடயமாக இருக்கிறது.

அகராதி பொருள்களை எந்த வரிசையில் அடுக்குகிறது என்று அறிதல்

இதைப் பள்ளியில் யாரும் நமக்குச் சொல்லித் தருவதில்லை; அதனாலேயே மிகுதியான பிழைகள் இங்கே நேர்கின்றன. ஆங்கில அகராதிகள் எல்லாம் ஒரே ஒழுங்கில் பொருள்களை அடுக்குவதில்லை. 1884இல் முதல் பகுதி வெளிவந்து 1928இல் நிறைவடைந்த பெரிய ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதி, ஒரு சொல்லின் மிகப் பழைய பொருளை முதலிலும் பின்னால் வந்தவற்றை அடுத்தடுத்தும் வைக்கிறது. ஒவ்வொரு பொருளுக்கும் அது எழுத்தில் பதிவான காலத்தைச் சான்றுகளோடு காட்டுகிறது. அமெரிக்கர்களின் மெரியம்–வெப்ஸ்டர் அகராதியும் வரலாற்று ஒழுங்கையே பின்பற்றுகிறது. இன்றைய கல்லூரி மாணவர்களுக்காகத் தொகுக்கப்படும் கையடக்க அகராதிகளும் கைப்பேசி அகராதிகளும் பெரும்பாலும் இன்று அதிகம் வழங்கும் பொருளை முன்னால் நிறுத்துகின்றன. ஆகவே ‘முதல் பொருள்’ என்பதற்கு ஓர் அகராதியில் ‘மூத்த பொருள்’ என்றும், வேறோர் அகராதியில் ‘இன்றைய பொருள்’ என்றும் அர்த்தம். முன்னுரையைப் படிக்காமல் அகராதியைப் பயன்படுத்துகிறவருக்கு இந்த வேறுபாடு தெரியாமலே போய்விடும்.

வரலாற்று ஒழுங்கில் பார்த்தபோது ‘ஜிஜூன்’ தன் படிகளைத் தானே காட்டியது. 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இச்சொல் ஆங்கிலத்துக்குள் வந்தது. அப்போது அதற்கு ‘உணவின்றி இருக்கும்’, ‘ஊட்டம் தராத’ என்ற நேர்ப்பொருள்களும், ‘சாரமற்ற, வறண்ட, மனத்துக்கு நிறைவு தராத’ என்ற விரிபொருளும் இருந்தன. ‘சிறுபிள்ளைத்தனமான, பக்குவமற்ற’ என்ற பொருளோ 19ஆம் நூற்றாண்டின் இறுதியில்தான் எழுத்தில் தெளிவாகத் தென்படுகிறது. இரண்டுக்கும் இடையே ஏறத்தாழ முந்நூறு ஆண்டுகள் உள்ளன. என் தம்பி மகள் கொண்டுவந்த கட்டுரை 17ஆம் நூற்றாண்டினது. அந்த ஆசிரியர் பிறந்து, எழுதி, மறைந்து, இரண்டு நூற்றாண்டுகள் கழிந்த பின்னரே சொல்லுக்குக் கிடைத்த பொருளை அவருடைய வாக்கியத்தில் நாம் ஏற்ற முடியாது. நூலின் காலத்தையும் பொருளின் காலத்தையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பார்த்தாலே பாதிச் சிக்கல் தீர்ந்துவிடுகிறது.

வேரும் அதன் உண்மை உறவினர்களும்

இந்தச் சொல்லின் வேர் இலத்தீன் மொழியில் உள்ள ‘யேயூனுஸ்’ என்பது. ‘உண்ணாமல் இருக்கும், நோன்பிருக்கும்’ என்பது அதன் பொருள். வயிறு வெறுமையாக இருப்பதிலிருந்து ‘வெறுமையான’ என்ற பொருள் பிறந்தது. விளைச்சல் தராத நிலத்துக்கும் உரோமர்கள் அதே சொல்லை வழங்கினார்கள். உழவைப் பாடும் இலத்தீன் கவிதை ஒன்றில் சரிவு நிலத்துப் பரற்கல் மண் இந்த அடைமொழியைப் பெறுகிறது. பண்ருட்டிப் பக்கத்து மேட்டு நிலத்தில் முந்திரி போட்டிருப்பவர்கள் ‘சத்தில்லாத மண்’ என்று சொல்வதற்கும் அதற்கும் தொலைவு அதிகமில்லை. நிலத்திலிருந்து பேச்சுக்குச் செல்வதும் ஓர் அடிதான். கேட்பவருக்கு ஒன்றும் கிடைக்காத வறண்ட சொற்பொழிவை உரோமச் சொல்வலரான சிசரோ இந்தச் சொல்லின் வழிவந்த பெயரால் குறித்திருக்கிறார். வயிறு, மண், பேச்சு என்று இந்தச் சொல் நடந்த வழியில் நம் மொழியும் நடந்திருக்கிறது. வறுமை, வறட்சி, வறட்டுப் பேச்சு என்னும் மூன்றையும் உரக்கச் சொல்லிப் பாருங்கள்.

வேரைக் கண்டவுடன் நின்றுவிடாமல், அந்த வேரிலிருந்து வந்த உயிருள்ள உறவினர்களைத் தேட வேண்டும். உறவினர்கள் சான்றாக நிற்காத வேரை நான் முழுதாக நம்புவதில்லை. ‘ஜிஜூன்’ சொல்லுக்கு நல்ல உறவினர்கள் உண்டு; அவர்களில் ஒருவர் நம் உடம்புக்குள்ளேயே இருக்கிறார். சிறுகுடலின் நடுப்பகுதியை மருத்துவர்கள் ‘ஜெஜூனம்’ என்கிறார்கள். தமிழ்ப் பாடநூல்கள் அதை இடைச்சிறுகுடல் என்று கூறுகின்றன. ஏறத்தாழ 2.5 மீட்டர் நீளமுள்ள இந்தப் பகுதி, இறந்தவர்களின் உடலைப் பண்டைய மருத்துவர்கள் அறுத்துப் பார்த்தபோது பெரும்பாலும் வெறுமையாகவே காணப்பட்டது. அதனால் கிரேக்கர்கள் அதை ‘நோன்புக் குடல்’ என்று பொருள்படும் சொல்லால் அழைத்தார்கள். இலத்தீன் அதை அப்படியே மொழிபெயர்த்துக்கொண்டது. செவிலியர் படிப்பில் இருப்பவர்களுக்கு இந்த ஒரு செய்தியைச் சொன்னால் போதும்; பிறகு அவர்கள் ‘ஜிஜூன்’ சொல்லின் மூத்த பொருளை மறப்பதே இல்லை.

இன்னோர் உறவினரைப் புதுச்சேரிக்காரர்கள் நாள்தோறும் பார்க்கிறார்கள். கடற்கரைச் சாலைக்கு மேற்கே உள்ள பிரெஞ்சுத் தெருக்களில் உணவகங்களின் பலகைகளில் ‘பெத்தி தெழெனே’ என்று காலை உணவும், ‘தெழெனே’ என்று மதிய உணவும் எழுதப்பட்டிருக்கும். நோன்பைக் குறிக்கும் இலத்தீன் சொல்லுக்கு முன்னால் ‘விடுதல்’ என்ற பொருள் தரும் முன்னொட்டைச் சேர்த்துப் பேச்சு இலத்தீனில் அமைந்த வினையே இந்தத் ‘தெழெனே’ ஆயிற்று. நோன்பைத் திறத்தல் என்பதே அதன் பொருள். காரைக்காலிலும் பரங்கிப்பேட்டையிலும் ரமலான் மாதத்தில் மாலையானதும் ‘நோன்பு திறக்கிறோம்’ என்கிறார்கள். ஏகாதசிக்கு மறுநாள் ‘பாரணை’ என்கிறார்கள். பிரெஞ்சுக்காரர்கள் அதே கருத்தை ஒவ்வொரு நாள் உணவுக்கும் பெயராக வைத்துவிட்டார்கள். ஆங்கிலத்தில் காலை உணவைக் குறிக்கும் சொல்லும் ‘நோன்பை உடைத்தல்’ என்று பிரிவது பலருக்குத் தெரியும். இரவு உணவைக் குறிக்கும் ‘தினே’ என்ற பிரெஞ்சுச் சொல்லும் இதே வினையின் சுருங்கிய வடிவமே. அதிலிருந்து வந்ததே ஆங்கிலத்தின் ‘டின்னர்’. ஆகத் தெழெனேயும் டின்னரும் ஒரு தாய் மக்கள். நாளின் முதல் உணவுக்கு இடப்பட்ட பெயர், வேளை பிந்தப் பிந்த மதியத்துக்கும் இரவுக்கும் நகர்ந்தது; பிரான்சில் மதியத்துக்கு நகர்ந்துவிட்ட ‘தெழெனே’ கியூபெக்கிலும் பெல்ஜியத்திலும் சுவிட்சர்லாந்திலும் இன்றளவும் காலை உணவாகவே இருக்கிறது.

இதையெல்லாம் நான் சொல்லிக்கொண்டிருந்தபோது, அன்று ஒருசந்தி என்னும் நோன்பு இருந்த என் தாயார் உள்ளிருந்து கேட்டுக்கொண்டிருந்தார். தமது சிறு வயதில் கோயிலில் பிரெஞ்சுச் சாமியார் நோன்பைக் குறித்து ‘ழேன்’ என்று சொல்லக் கேட்டதை அவர் நினைவுகூர்ந்தார். எங்கள் தேடல் அந்த ‘ழேன்’ என்ற இடத்தில்தான் திரும்பியது.

போலி உறவினரைப் பிடித்தல்

நோன்பைக் குறிக்கும் ‘ழேன்’ என்ற பிரெஞ்சுச் சொல்லின் நடுவில் உள்ள ‘யு’ எழுத்தின் தலைமேல் கூரை போன்ற சிறிய குறி ஒன்று இருக்கும். அந்தக் குறியை எடுத்துவிட்டால் அது வேறு சொல்லாகி, ‘இளமையான, இளைஞர்’ என்று பொருள் தரும். ஒலியிலும் இரண்டுக்கும் இடையே இருக்கும் வேறுபாடு நுட்பமானது. பிரெஞ்சுக்காரர்களே பேச்சு வேகத்தில் அதைப் பலமுறை விட்டுவிடுகிறார்கள். ஆனால் பிறப்பால் இந்த இரண்டு சொற்களுக்கும் எந்த உறவும் இல்லை. நோன்பு ‘ழேன்’ இலத்தீன் யேயூனுஸின் வழி வந்தது. இளமை ‘ழேன்’ வேறோர் இலத்தீன் சொல்லான ‘யுவெனிஸ்’ என்பதன் வழி வந்தது. நாம் அறிந்த யுவன், யுவதி என்னும் வடசொற்கள் அதன் தூரத்து உறவினர்கள். 1990இல் பிரெஞ்சு எழுத்து முறையைத் திருத்தியபோது ‘ஐ’, ‘யு’ ஆகிய எழுத்துகளின் மேல் வரும் கூரைக்குறியைப் பெரும்பாலான சொற்களில் விட்டுவிடலாம் என்று பரிந்துரைத்தார்கள். ஆனால் நோன்பைக் குறிக்கும் இந்தச் சொல்லை விதிவிலக்காக வைத்துக் குறியைக் காப்பாற்றினார்கள். குழப்பம் எவ்வளவு நெருக்கமானது என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டியதில்லை.

ஆங்கிலத்தில் நடந்ததை இப்போது ஊகிப்பது எளிது. ‘ஜிஜூன்’ என்ற அருஞ்சொல்லைக் கண்ட ஆங்கிலேயர்களில் இலத்தீன் அறியாதவர்களுக்கும், ஓரளவு பிரெஞ்சு அறிந்தவர்களுக்கும், அதன் பிற்பகுதி இளமையைக் குறிக்கும் பிரெஞ்சுச் சொல்லைப் போலக் காட்சியளித்தது. ஆகவே அது இளமையோடும் பக்குவமின்மையோடும் தொடர்புடையது என்று கொண்டார்கள் என்பதே சொல்லாராய்ச்சியாளர் பலரின் விளக்கம். நடுவில் கூடுதல் ‘இ’ சேர்த்து எழுதும் பிழையை முன்பு குறித்து வைக்கச் சொன்னேன். அந்த எழுத்தைச் சேர்த்தால் சொல்லின் பிற்பாதி அந்தப் பிரெஞ்சுச் சொல்லாகவே மாறிவிடுகிறது. வேறு சிலர், ஒலிக்குழப்பம் இல்லாமலும் இந்த மாற்றம் நடந்திருக்கலாம் என்கிறார்கள். சாரமற்ற எழுத்து முதிராத எழுத்தாகவும் இருப்பது இயல்பு என்பது அவர்கள் வாதம். இரண்டு காரணங்களும் ஒன்றையொன்று தாங்கி நின்றன என்பது என் கருத்து. போலி உறவு மட்டும் இருந்து, பொருளில் அண்மை இல்லாமலிருந்தால், இந்த மாற்றம் வேர்பிடித்திருக்காது.

நம் பக்கத்திலேயே இதற்கு ஓர் இணை இருக்கிறது. கடலூர் என்ற பெயரைக் கேட்பவர்கள் அது கடலோரத்து ஊர் என்பதால் வந்த பெயர் என்றே கொள்வார்கள். கண்ணெதிரே கடலும் இருக்கிறது. ஆனால் ஆறுகள் கூடும் இடம் என்ற பொருளில் ‘கூடலூர்’ என்பதே பழைய பெயர் என்ற விளக்கம் நெடுங்காலமாக வழங்கி வருகிறது. ஒலி நெருங்கியது, பொருளும் பொருந்தியது, பெயர் அந்தப் பக்கம் சாய்ந்தது. மொழியை வழங்கும் மக்கள் விளங்காத சொல்லைத் தங்களுக்கு விளங்கும் சொல்லோடு சேர்த்துக்கொள்வது உலகெங்கும் நடப்பது. அதை இழிவாகக் கருத நான் ஒப்பமாட்டேன். ஆனால் ஆராய்கிறவர் அப்படிச் செய்யக் கூடாது. ஒலி ஒத்திருப்பதைக் கண்டு உறவு கொண்டாடுவதற்கு முன், அந்த இரண்டு சொற்களும் ஒரே காலத்தில், ஒரே இடத்தில் சந்தித்ததற்குச் சான்று உண்டா என்று கேட்க வேண்டும். இடைப்பட்ட வடிவங்கள் எழுத்தில் கிடைக்கின்றனவா என்றும் பார்க்க வேண்டும்.

அதே பொருளின் நேர்வழிச் சொற்கள்

ஒரு சொல்லின் எல்லையை அறிய அதன் அண்டை வீட்டாரையும் அறிய வேண்டும். சிறுபிள்ளைத்தனத்தைக் குறிக்க ஆங்கிலத்தில் நேர்வழியில் வந்த அருஞ்சொல் ‘ப்யூவரைல்’ என்பது. அமெரிக்கர்கள் அதை ‘ப்யூரில்’ என்று ஒலிப்பார்கள். இலத்தீனில் ‘புவெர்’ என்றால் சிறுவன். ‘புவெரிலிஸ்’ என்றால் சிறுவனுக்குரியது. 17ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்கு வந்தபோது ‘சிறுவர்க்குரிய’ என்று நடுநிலையாகவும் அதை வழங்கினார்கள். பின்னர் இகழ்ச்சி மேலோங்கியது. இன்று ஒருவரின் நகைச்சுவையை ‘ப்யூவரைல்’ என்றால் அதில் பாராட்டு ஒரு துளியும் இல்லை. மருத்துவத்தில் மட்டும் பழைய நடுநிலை எஞ்சியிருக்கிறது: பேறுகாலத்தைக் குறிக்கும் ஆங்கில மருத்துவச் சொல்லில் இந்தப் ‘புவெர்’ பிள்ளை என்ற பொருளோடு இருக்கிறது. பிரெஞ்சில் குழந்தை வளர்ப்புக் கலைக்கு ‘ப்யுவேரிகுல்த்யூர்’ என்று பெயர். அங்கும் இகழ்ச்சி இல்லை.

வடமொழியின் ‘புத்ர’ என்ற சொல்லையும் இந்தப் ‘புவெர்’ என்பதையும் ஒரே தொல்வேரின் கிளைகளாக அறிஞர் பலர் காண்கின்றனர். அதைப் படித்த உற்சாகத்தில் என் தம்பி மகள், “அப்படியென்றால் நம் ‘பையன்’?” என்று கேட்டாள். கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் விடை இல்லை என்பதே. ‘பையன்’ தமிழ் மண்ணில் பிறந்த சொல். ‘பைதல்’, ‘பசுமை’ என்னும் சொற்களோடு வைத்து எண்ணப்படுவது. முதல் எழுத்தின் ஒலி ஒத்திருப்பது உறவுக்குப் போதாது. சற்று முன்னர் ஆங்கிலேயரின் பிழை என்று நாங்கள் பேசியது இதே ஆசைதான்.

வேறு இரண்டு சொற்களைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ‘இன்ஃபன்டைல்’ என்பது ‘பேசாதது’ என்ற பொருளுடைய இலத்தீன் சொல்லிலிருந்து வந்தது. பேச்சு வராத பருவத்தை அது குறிக்கிறது. தமிழ் அதே பருவத்தை ‘மழலை’ என்று, வரத் தொடங்கிய பேச்சைக் கொண்டே அழைக்கிறது. அவர்கள் இல்லாத பேச்சைப் பார்த்தார்கள். நாம் இருக்கின்ற அரைப் பேச்சைக் கேட்டோம். ‘ஜுவனைல்’ என்பது மேலே சொன்ன யுவெனிஸின் வழிவந்தது. உரோமர்கள் நாற்பது வயதை நெருங்கிய ஆணையும் அந்தச் சொல்லால் அழைத்தார்கள் என்பதால், அதன் வேரில் சிறுவன் இல்லை.

குழந்தையைக் குறிக்கும் சொல் அறிவின்மையைக் குறிக்கும் சொல்லாக மாறுவது ஐரோப்பாவுக்கு மட்டும் உரியதன்று. வடமொழியில் ‘பால’ என்பது குழந்தையையும் அறிவு முதிராதவரையும் குறிக்கும். பாலி மொழியில் அது மூடர் என்ற பொருளிலேயே பெரிதும் வழங்குகிறது. தமிழில் பெண்ணின் ஏழு பருவங்களில் முதலாவது பேதை. அதே சொல் அறியாமை உடையவரையும் குறிக்கிறது. திருக்குறளின் 84ஆம் அதிகாரமான பேதைமை, வயதில் முதிர்ந்தும் அறிவில் முதிராதவர்களையே பேசுகிறது. ஆனால் தமிழ் ஒன்றைக் கவனமாகப் பிரித்து வைத்திருக்கிறது. ‘பிள்ளை உள்ளம்’ என்றால் போற்றுகிறோம். ‘பிள்ளைப் புத்தி’ என்றால் குறை சொல்கிறோம். ‘சிறுபிள்ளை இட்ட வேளாண்மை வீடு வந்து சேராது’ என்ற பழமொழியில் குழந்தையின்மேல் வெறுப்பு இல்லை; பெரியவர் செய்ய வேண்டிய வேலையைப் பிள்ளையிடம் விட்டதன் மேல்தான் குறை. ஆங்கிலமும் ஒரே அடிச்சொல்லுக்கு இரண்டு பின்னொட்டுகளைச் சேர்த்து, போற்றுவதற்கு ஒன்றும் பழிப்பதற்கு ஒன்றுமாக வைத்திருக்கிறது. ‘ப்யூவரைல்’, ‘ஜிஜூன்’ இரண்டும் பழிக்கும் பக்கத்தில் நிற்பவை.

தமிழ்ச் சொல்லைத் தேர்ந்தெடுத்தல்

இங்கேதான் மொழிபெயர்ப்பவரின் உழைப்பு வேண்டும். ‘ஜிஜூன்’ சொல்லுக்குத் தமிழில் ஒற்றைச் சொல் ஒன்றை நிரந்தரமாக இட்டு வைக்க முடியாது. மூல நூலின் காலத்தையும், சொல் எதன்மேல் ஏற்றப்பட்டது என்பதையும் முன்பே குறித்து வைத்திருப்பீர்கள். அவற்றைக் கொண்டே தேர்ந்தெடுக்க வேண்டும். 17, 18, 19ஆம் நூற்றாண்டு நூல் என்றால் ‘சாரமற்ற’, ‘வறண்ட’, ‘சத்தற்ற’ என்ற வரிசையில் ஒன்றை எடுக்கலாம். கடந்த நூறாண்டுகளில் எழுதப்பட்ட நூலில், அந்தச் சொல் ஒருவரின் நடத்தை மேலோ, நம்பிக்கை மேலோ, நகைச்சுவை மேலோ ஏற்றப்பட்டிருந்தால் ‘பக்குவமற்ற’, ‘சிறுபிள்ளைத்தனமான’ என்பவை பொருந்தும். எழுத்தின் மேல் ஏற்றப்பட்டு, இரண்டில் எது என்று துணிய முடியாதபோது ‘முதிராத’ என்பது உதவுகிறது. ஏனெனில் முதிராத காயில் சாறும் இல்லை, பருவமும் இல்லை.

‘உப்புச்சப்பில்லாத’ என்ற வழக்கு முதலில் மிகவும் பொருத்தமாகத் தோன்றியது, ஏனெனில் அதுவும் உணவிலிருந்து வந்தது. ஆயினும் நான் அதை ஒதுக்கினேன். உப்புச்சப்பில்லாத சோறு வயிற்றை நிரப்பும், சுவைதான் இராது. ‘ஜிஜூன்’ உரையைக் கேட்டவர் பசியோடே எழுந்து போகிறார். அந்த வேறுபாடு மூல ஆசிரியருக்குத் தெரிந்திருந்தது. நாமும் அதைக் காக்க வேண்டும். ‘சப்பென்ற’ என்பதும் இதே காரணத்தால் விலகுகிறது.

தேர்ந்தெடுத்த சொல்லை ஒருமுறை சோதித்துப் பார்க்கும் எளிய வழியும் உண்டு. மூலத்தில் இணையாக வந்த சொல்லின் தமிழ் வடிவத்தோடு உங்கள் சொல்லைச் சேர்த்து, உரக்கப் படியுங்கள். ‘மலட்டுத்தனமான, சிறுபிள்ளைத்தனமான மறையுரைகள்’ என்று படித்தால் இரண்டும் ஒன்றையொன்று தள்ளுகின்றன. ‘வறண்ட, விளைவற்ற மறையுரைகள்’ என்று படித்தால் இரண்டும் ஒரே நிலத்தில் நிற்கின்றன.

எங்கே தேடுவது, எப்படிக் குறித்து வைப்பது

இணையத்தில் கிடைக்கும் வசதிகளை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் அச்சு அகராதிகளில் ஒரு சொல்லின் முன்னும் பின்னும் உள்ள சொற்களையும் கண் பார்த்துவிடுகிறது என்பதால், இயன்றபோது நூலகத்துக்குச் செல்வதே நல்லது. புதுச்சேரியில் 1827ஆம் ஆண்டு முதல் இயங்கிவரும், இன்று ரோமன் ரோலன் பெயரைத் தாங்கியிருக்கும் பொது நூலகம் இருக்கிறது. ஆராய்ச்சியில் ஈடுபட்டவர்களுக்குச் செயின்ட் லூயி வீதியில் 1955இல் தொடங்கப்பட்ட பிரெஞ்சு நிறுவனத்தின் நூலகமும் இருக்கிறது. பிரெஞ்சுச் சொல்லைத் தமிழ்வழி அறிய விரும்புவோர், மறைப்பணியாளர்களான முசேயும் துய்ப்புய்யும் தொகுத்து 1855, 1862 ஆண்டுகளில் இரண்டு தொகுதிகளாக இந்த ஊரிலேயே அச்சான தமிழ்–பிரெஞ்சு அகராதியைப் பார்க்கலாம். நூற்று அறுபது ஆண்டுகளுக்கு முந்தைய நம் வட்டாரத் தமிழின் பொருள்நிறம் அதில் பதிந்திருக்கிறது. தமிழ்ப் பக்கத்துக்குச் சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேரகராதி துணை. அதில் ‘வறு’ என்று தொடங்கும் சொற்களையும் ‘பிள்ளை’ என்று தொடங்கும் சொற்களையும் அடுத்தடுத்துப் படித்தால், மொழிபெயர்ப்புக்குத் தேவையான சொற்கள் தாமே கைக்கு வரும்.

குறிப்பேட்டில் ஒரு சொல்லுக்கு ஒரு பக்கம் ஒதுக்குங்கள். மேலே சொல்லும் ஒலிப்பும், அதன் கீழே வேரும் அதன் நேர்ப்பொருளும், அதற்கும் கீழே ஒவ்வொரு பொருளும் அது தோன்றிய நூற்றாண்டும் இருக்கட்டும். இடப்பக்க ஓரத்தில் உண்மை உறவினர்களையும், வலப்பக்க ஓரத்தில் போலி உறவினர்களையும் எழுதுங்கள். போலிகளை எழுத வேண்டுமா என்று சிலர் கேட்கலாம். கட்டாயம் எழுத வேண்டும். ‘ஜிஜூன்’ சொல்லின் இன்றைய பொருளை வலப்பக்க ஓரம் இல்லாமல் விளக்கவே முடியாது. அடியில், நீங்கள் அந்தச் சொல்லைக் கண்ட வாக்கியத்தையும் நூலின் ஆண்டையும் எழுதுங்கள்.

புதிய பொருளைப் பிழை என்று தள்ளிவிட வேண்டுமா என்ற கேள்வியும் எழும். ஆங்கிலம் எழுதுவோரில் சிலர் இன்றும் ‘ஜிஜூன்’ என்பதைச் ‘சிறுபிள்ளைத்தனமான’ என்ற பொருளில் வழங்க மறுக்கிறார்கள். ஆனால் அகராதிகள் அந்தப் பொருளைப் பதிவு செய்திருக்கின்றன. படிக்கும்போது இரண்டு பொருளையும் ஏற்க வேண்டும். எழுதும்போது, படிப்பவர் எந்தப் பொருளில் கொள்வார் என்பது உறுதியில்லாததால், சிறுபிள்ளைத்தனத்தைச் சொல்ல ‘ப்யூவரைல்’ என்பதையே எடுப்பது நல்லது என்பது என் முடிவு.

இரவு எட்டு மணிக்கு மேல் என் தாயார் ஒருசந்தியை முடித்துக் கஞ்சி குடிக்க உட்கார்ந்தபோது, என் தம்பி மகள் தன் தாளில் பழைய வரியை அடித்துவிட்டு, ‘அவருடைய மறையுரைகள் கேட்போரைப் பட்டினியோடு அனுப்பும் வறண்ட உரைகள்’ என்று எழுதினாள். ‘பட்டினி’ மூலத்தில் வெளிப்படையாக இல்லையே என்று நான் கேட்டேன். “வேரில் இருக்கிறதே பெரியப்பா” என்றாள். நான் அதை மாற்றச் சொல்லவில்லை.